பவளத்துக்கு ஏறிய இருபத்தொரு நண்டுகள்

கடலோர ஊரான உடப்பில் பவளம் சீட்டாட உட்கார்ந்தால், அவளை வெல்ல வைக்கக்கூடிய சீட்டுகள் கட்டில் எத்தனை மிச்சமோ அத்தனை நண்டுகள் கடலிலிருந்து ஏறிவந்து வரிசையாக நிற்கும். நாலென்றால் நாலு, எட்டென்றால் எட்டு. ஊரடங்குக் காலத்தில் ஊரே போக்கர் பழகியபோது தொடங்கியது இது. முதல் கிழமை சனம் வேடிக்கை பார்த்தது. பிறகு நண்டை மிதிக்காமல் நடக்கப் பழகிக்கொண்டது.

போன ஐப்பசியில் கரைவலைப் பருவத்தின் முதல் பாடு, அதாவது எல்லோருக்கும் முந்தி வலை வளைக்கும் உரிமை, பவளத்துக்கா இன்னொரு வலைக்காரரான பரமலிங்கத்துக்கா என்று பிரச்சினை வந்தது. திருவுளச்சீட்டு மூன்று தரம் எடுத்தும் வெற்றுத் தாளே வந்ததால் போக்கர் என்று முடிவாயிற்று. புருஷன் போன பிறகு நாலு பருவமாகக் கடைசிப் பாட்டில் மீனுக்குப் பதில் சாதாளைப் பாசியும் சொறிமுட்டையும் இழுத்தவள் பவளம். இந்த முறையும் தவறினால் வடம் இழுக்கிற பதினாறு பேரும் வேறு வலைக்குப் போய்விடுவார்கள். அந்தப் பயம் அவளுக்கு இருந்தது. முகத்தில் காட்டுகிறவள் அல்ல.

உடப்பு ஆட்டத்தில் ஆளுக்கு ஐந்து சீட்டைத் திறந்தே போடுவார்கள். கை குறைந்தவர் ஒன்றை மாற்றலாம். பரமலிங்கத்துக்கு ஏழில் ஒரு சோடி, மற்றவை சில்லறை, ஆட்டின் எனும் சிவப்பு இதயச் சீட்டு ஒன்றுகூட இல்லை. பவளத்துக்கு ஆட்டினில் ஆசு, ராசா, ராணி, ஒன்பது. ஐந்தாவது, உதவாத கிளாவர் மூன்று. இன்னொரு ஆட்டின் விழுந்தால் ஐந்தும் ஒரே இனம், வெற்றி. நண்டுகள் பழகிப்போனதால் அவற்றைப் பாராமல், கட்டில் மிச்சமுள்ள ஆட்டின் சீட்டுகள் ஒன்பது என்று கரையில் நின்ற எல்லோரும் எண்ணினார்கள். பரமலிங்கமும் எண்ணினார்.

"ஒம்பது சீட்டை நம்பி என்ன செய்யப் போறாய் தங்கச்சி? முதல் பாட்டு மீனில மூண்டில ஒரு பங்கு தாறன், விட்டுடு."

பவளம் திரும்பிப் பார்த்தாள். நண்டுகள் இருபத்தொன்று. மற்ற இனங்களில் ஆசோ ராசாவோ ராணியோ ஒன்பதோ வந்தாலும் ஏழை விடப் பெரிய சோடி சேருமே; அவை பன்னிரண்டு. ஒரே இனத்தில் கண்ணாயிருந்த சனம் சோடியை மறந்துபோயிற்று.

"கட்டில நாப்பத்திரண்டு கிடக்கு அண்ணை, அதில இருபத்தொண்டு எனக்கு. பாதிக்குப் பாதி. நீங்கள் மூண்டில ஒண்டெல்லோ சொல்லுறியள்" என்று கிளாவர் மூன்றை எறிந்தாள்.

விழுந்தது இஸ்பேட் ஒன்பது. பவளத்துக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்தது. பரமலிங்கம் தம் ஏழுகளை ஒருதரம் பார்த்தார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, அவள் வலைக்குப் பதினேழாவது ஆளாக வடம் பிடிக்க இறங்கினார். நண்டுகளை ஒருவரும் பிடிக்கவில்லை. கணக்குச் சொல்ல வந்ததைக் கறி வைக்கிற வழக்கம் உடப்பில் இல்லை.