வெளித் தேர்வாளர் அசைபோடுகிறார்

அந்தக் கால்நடைக் கல்லூரியில் எந்தப் பிராணியின் உடம்பை ஆராய்கிறார்களோ, அந்தப் பிராணிதான் ஆய்வேட்டுக்கு வெளித் தேர்வாளர். தவளையை ஆராய்ந்தால் தவளை வரும். எருமையை ஆராய்ந்தால் எருமை வரும். எருமை ஆய்வேட்டைத் தின்று அசைபோட்டால் பட்டம். தின்றுவிட்டுச் சும்மா நின்றால் கிடையாது. இதில் சண்டை போட ஒன்றுமில்லை.

செல்வமேரி பதினேழு வருஷமாக எருமையின் மூன்றாம் வயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். புத்தகத் தாள் மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்குமே, அந்த வயிறு. இரண்டு தடவை தோற்றாயிற்று. முதல் தடவை, அசைபோடும்போது எருமை ஏன் கண்ணை மூடுகிறது என்ற இடத்தில் ஏதோ மழுப்பி எழுதியிருந்தாள். அந்தப் பக்கம் வந்ததும் தேர்வாளர் மெல்லுவதை நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டார். இரண்டாம் தடவை துறைத் தலைவர் திரவியம் போர்த்திய பொன்னாடையைத் தேர்வாளர் முதலில் தின்றுவிட்டார். அசைபோட்டதும் அதைத்தான். தேர்வு செல்லாது என்றார்கள். யாருக்காவது பொன்னாடை போர்த்தாவிட்டால் திரவியத்துக்குக் கை சும்மா இருக்காது, என்ன செய்வது!

இது மூன்றாவது, கடைசி வாய்ப்பு. இதுவும் போனால் கோழித் துறைக்கு மாற்றிவிடுவார்கள். கோழி எழுத்தெழுத்தாகக் கொத்திப் படிக்கும். அங்கே போனவர்கள் ஒருவரும் இன்னும் முதல் அத்தியாயத்தைத் தாண்டவில்லை.

காலை பத்து மணிக்குத் தேர்வாளர் 'குட்டியானை' என்கிற சின்ன லாரியில் வந்து இறங்கினார். அவரை வளர்க்கும் மாசானம் கயிற்றைப் பிடித்து அரங்குக்குள் கூட்டிவந்தார். தேர்வாளர் ஆய்வேட்டை முகர்ந்து பார்த்துவிட்டு முன்னுரையிலிருந்து தொடங்கினார். கண் விஷயத்துக்கு இந்தத் தடவை செல்வமேரி "தெரியவில்லை" என்று மட்டும் எழுதியிருந்தாள். அதையும் தின்றார். அட்டையையும் விடவில்லை. பிறகு சும்மா நின்றார்.

அரை மணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. அப்போதுதான் செல்வமேரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பைண்டிங் கடைக்காரர் கடைசிப் படங்களுக்கு ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தார். அதைப் பிடுங்க மறந்துவிட்டாள். மாடு விழுங்கும் இரும்பு இரண்டாம் வயிற்றில் போய் உட்காரும். அதற்குப் பக்கத்துவீடுதான் இதயம். இது தெரியாமலா பதினேழு வருஷம் படித்தாள்? பட்டம் நாசமாய்ப் போகட்டும், இந்த அம்மாளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று மாசானத்திடம் ஓடினாள்.

"அண்ணாச்சி, இவங்களுக்குக் காந்தம் குடுத்திருக்கா?" இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ள மாட்டுக்கு விழுங்கக் கொடுக்கும் காந்தத்தைத்தான் கேட்டாள்.

"குடுத்த ஞாபகம் டாக்டரம்மா. வயித்துல இருக்கோ, வெளிய போயிட்டோ, யாரு கண்டா?"

செல்வமேரி அலமாரியிலிருந்து திசைகாட்டியை எடுத்துவந்து தேர்வாளரின் இடது முன்னங்கால் முட்டிக்குப் பின்னால் பிடித்தாள். முள் இரண்டு தடவை தயங்கியது. அப்புறம் வடக்கை விட்டுவிட்டு வயிற்றைப் பார்த்துத் திரும்பி நின்றது.

"பாத்தியளா, இருக்குல்லா" என்றார் மாசானம்.

"ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பாடா! இனி கோழிகளோடு வாழ்ந்தாலும் பரவாயில்லை என்று இருந்தது. அவள் பக்கத்தில் தேர்வாளரும் மெல்லக் காலை மடித்துப் படுத்தார். தொண்டையில் ஓர் உருண்டை மேலேறி வந்தது. கண்ணை மூடினார். மெல்லத் தொடங்கினார்.

நாலு மணிவரை மென்றார். "தெரியவில்லை" என்ற பக்கத்தை மட்டும் இரண்டு தடவை வரவழைத்து மென்றார். திரவியம் பொன்னாடையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு அழுதார்.

வழக்கம்போல முடிவைப் பாலில் அறிவித்தார்கள். மாசானம் கறந்தார், டீ போட்டார்கள். ஒரு வாய் குடித்தவர்களுக்கு முதல் அத்தியாயம் மனப்பாடமாயிற்று. முழு கிளாஸ் குடித்தவர்களுக்கு ஐந்தும்.

"நாற்பதாம் பக்கத்துல ஒரு எழுத்துப்பிழை. மத்தபடி வாழ்த்துக்கள், டாக்டர்" என்றார் திரவியம்.

செல்வமேரி கடைசியாகக் குடித்தாள். அவளுடைய கிளாஸின் அடியில் ஆறாம் அத்தியாயமும் இருந்தது. அவள் எழுதாதது. கண்ணைப் பற்றியது. சுருக்கமாக, நன்றாக எழுதப்பட்டிருந்தது.

கால் மணி நேரம் கழித்து டீ தொண்டைக்குத் திரும்பி வந்தது. திரவியம் அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். செல்வமேரி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, நிதானமாக மெல்லத் தொடங்கினாள்.