பூட்டுக்குக் கிடைத்த வேலை

எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் "பூட்டு" என்று பெயர் வைத்தது நான்தான். காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

எம்.காம். முடித்து எட்டு மாதம் வீட்டில் இருந்தாள். பதினோரு இன்டர்வியூ போனாள். நான் யாரிடமும் விசாரிக்கவில்லை, செருப்பே சொல்லிவிடும். பளபளக்கும் கறுப்புச் செருப்போடு இறங்கினால் இன்டர்வியூ. திரும்பும்போது அது காலில் இல்லாமல் கையில் தொங்கினால் வேலை இல்லை.

எல்லா இடத்திலும் அனுபவம் கேட்டார்களாம். அவளுக்கிருந்த ஒரே அனுபவம், தெருமுனைச் சலவைக்கடைக்காரருக்குக் கணக்கு எழுதுவது. அந்த மனிதர் திடீரென்று புதுக் கார் வாங்கினார். எப்படி வாங்கினார் என்று அவளிடமிருந்து கறக்க நான் பட்ட பாடு!

"தொழில் நல்லாப் போகுது அத்தை."

ஆறு மாதமாக இதே பதில். காபி கொடுத்துப் பார்த்தேன். குடிக்க மட்டும் வாயைத் திறந்தாள்.

பன்னிரண்டாவதாக ஓர் ஆடிட்டர் அலுவலகம். அவள் அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்: "இதுவும் இல்லேன்னா, பேசாம மாமாவோட டைல்ஸ் கடைக் கவுன்டர்ல போய் நில்லு." விண்ணப்பத்தில், சொந்தக்காரர் அல்லாத, நன்றாகத் தெரிந்த ஒருவரின் போன் எண் வேண்டுமாம். பூட்டு என் வாசலுக்கு வந்தாள்.

"உங்க நம்பரக் குடுத்திருக்கேன் அத்தை. கூப்பிட்டா ரெண்டு நல்ல வார்த்தை சொல்லுங்க."

"ரெண்டு என்னடி, இருபது சொல்றேன்."

வியாழக்கிழமை காலை பத்தரைக்கு ஆடிட்டர் அம்மாவே பேசினார். "பொண்ணு எப்படிங்க?"

"தங்கம்" என்றுதான் தொடங்கினேன். பாழாய்ப்போன நாக்கு அதோடு நிற்கவில்லை. "ஆனா சரியான அழுத்தக்காரிங்க! சலவைக்கடைக்காரர் கணக்க இவதான் எழுதுறா. அவருக்கு என்ன வருமானம்னு ஆறு மாசமாக் கேக்குறேன், மூச்சு விடமாட்டேங்குறா. நான் என்ன வேத்தாளா, நீங்களே சொல்லுங்க!"

 "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. வேலை கொடுக்கிறவரிடமே பெண்ணை அழுத்தக்காரி என்று சொல்லித் தொலைத்திருக்கிறேன். அவள் டைல்ஸ் கடைக் கவுன்டரில் நிற்பது கண்முன் வந்தது. இரண்டு நாள் பால்கனிப் பக்கமே போகவில்லை. அது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று தெருவுக்கே தெரியும்.

சனிக்கிழமை பூட்டு வந்து கதவைத் தட்டினாள். முதலில் கீழேதான் பார்த்தேன். கறுப்புச் செருப்பு காலில் இருந்தது.

"அவங்ககிட்ட என்ன அத்தை சொன்னீங்க?"

"அது வந்து... வாய் தவறி..."

"அவங்க வச்ச பரீட்சைல மூணு பேர் ஒரே மார்க்காம். 'இப்படி ஒருத்தங்க ஆறு மாசம் தோண்டியும் நீ வாயத் திறக்கலையாமே. எங்க ஆபீஸ்ல ஊர்ப்பட்ட பேரோட கணக்கு கிடக்கு, உன்ன மாதிரி ஆளுதான் வேணும்'னு சொல்லிட்டாங்க. திங்கக்கிழமை சேரணும்!" என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்படி ஒருத்தங்க" என்றால் என்ன அர்த்தம் என்று கேட்க வாயெடுத்தேன். நல்ல நேரத்தில் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

"அது கிடக்கட்டும், சம்பளம் எவ்வளவுடி?"

"நல்ல சம்பளம் அத்தை."

எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடிப் பல் டாக்டரின் கணக்கும் அந்த அலுவலகத்துக்குத்தான் போகிறதாம். திங்கட்கிழமை சாயங்காலம் காபி போட்டு வைக்கப் போகிறேன். நான் அவ்வளவு சீக்கிரம் நம்பிக்கை இழக்கிறவள் இல்லை.