மூன்று காடைகளின் இதயம்

கால்நடை நோய் ஆய்வகத்தில் அவனுக்குச் ‘சந்தேகம்’ என்று பட்டப்பெயர். பூட்டிய பூட்டை நாலு தரம் இழுத்துப் பார்க்கிற ஆள். அன்று பார்த்து அவன் மேசைக்கு அக்காவின் காடைப் பண்ணையிலிருந்து ஐஸ் பெட்டி வந்து சேர்ந்தது.

பண்ணையில் நாலு நாளாகக் காடைகள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தன. மருத்துவர் வர முடியாததால், செத்ததில் மூன்றை அக்காவையே அறுத்து நுரையீரலும் இதயமும் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். பறவைக் காய்ச்சல் வைரஸ் இருந்தால் மிச்சமுள்ள ஆறாயிரத்தையும் கொன்று புதைக்க வேண்டியதுதான். அக்கா ஒண்டியாக நின்று வளர்த்த பண்ணை.

கையுறையை மாட்டிக்கொண்டு முதல் இதயத்தைக் கீறினான். உள்ளே ரத்தமே இல்லாமல் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. மற்ற இரண்டும் அப்படியே. தானாகச் செத்த பறவைக்கு ரத்தம் உள்ளேயே உறைந்து கிடக்கும். உயிரோடு கழுத்தை அறுத்தால்தான் இப்படி வடிந்துபோகும். இதை மெஷினில் வைத்தால் ‘வைரஸ் இல்லை’ என்று வரும், அவன் கையெழுத்துப் போட்டால் பொய்கூட ஆகாது. வேறு யார் கண்ணிலும் படவும் போவதில்லை.

வெளியே வந்து போன் போட்டான்.

“அக்கா, இது செத்த காடை இல்லையே?”

அக்கா சுற்றி வளைக்கவில்லை. “ஆமாண்டா. கடைசிக் கொட்டகையில நல்லா இருந்ததைத்தான் அறுத்தேன். நீதானே பாக்கப்போற, கண்டுக்க மாட்டேன்னு நெனச்சேன்.”

“செத்ததையெல்லாம் என்ன பண்ணே?”

“பொதச்சுட்டேன்.”

“யாரை வெச்சு?”

“யாரு இருக்கா எனக்கு? நானேதான் அள்ளிப் போட்டேன்.” சொல்லி முடிப்பதற்குள் இருமினாள். நிறுத்திவிட்டு மறுபடி இருமினாள்.

“எத்தனை நாளா இருமுறே?”

“தூசிடா. பேச்சை மாத்தாத. நல்லபடியா எழுதிடுவேல்ல?”

கோபம் பொத்துக்கொண்டு வந்தது அவனுக்கு. அதைவிடப் பயம்தான் அதிகம். ஆறாயிரம் காடையைக் காப்பாற்ற இவ்வளவு தந்திரம் தெரிந்தவளுக்குத் தன் மூக்கில் ஒரு துணியைக் கட்டிக்கொள்ளத் தெரியவில்லை! போனை வைத்துவிட்டு நேராகத் தலைமை மருத்துவரின் அறைக்குப் போனான்.

“மேடம், ஒரு பண்ணைக்கு நாமளே போய் மறுபடியும் மாதிரி எடுக்கணும். இன்னிக்கே.”

“யார் பண்ணை?”

“எங்க அக்காவோடது.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “எத்தனை காடையில எடுக்கணும்?”

“காடை அப்புறம் மேடம்,” என்றான். “முதல்ல அவ தொண்டையில எடுக்கச் சொல்லுங்க.”