பருத்திப்பட்டில் நிற்காத வண்டி

1.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை என்னுடையது இல்லை. கலியமூர்த்தி என்கிற கண்டக்டர் 1988-இல் ஆவடி பஸ் நிலைய டீக்கடையில் வடையைப் பிய்த்துக்கொண்டே எனக்குச் சொன்னது. அவர் பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். நான் எழுத உட்கார்ந்து பதினோரு நாளாகிறது, வண்டி இன்னும் பூந்தமல்லியை விட்டே கிளம்பவில்லை.

முதல் ஆரம்பம்: ஞாயிற்றுக்கிழமையின் பொன்னிற வெயில் வேம்புலியின் நெற்றியில்...

(வேண்டாம். அவனுக்கு வியர்த்தது, அவ்வளவுதான்.)

இரண்டாவது ஆரம்பம்: காட்டுப்பாக்கம் வேம்புலி அம்பத்தூர் எஸ்டேட் தொழிற்சாலையில் லேத் மெஷின் ஓட்டுகிறவன். பருத்திப்பட்டுக்குப் பெண் பார்க்கப் புறப்பட்டான். அம்மா பொன்னம்மாள் காலையிலேயே சாதா வண்டியில் போய்விட்டாள். இவனோ, கூட்டத்தில் சட்டை கசங்குமே என்று, பூந்தமல்லியில் காலியாக நின்ற புது விரைவு வண்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். மடியில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

இது இருக்கட்டும்.

2.

அந்த வண்டிக்கு அன்றுதான் முதல் நாள். பூந்தமல்லியில் ஏறினால் ஆவடியில்தான் இறக்கம். டிரைவர் அய்யாசாமி இருபது வருடமாக ஒவ்வொரு புளியமரத்துக்கும் நின்று நின்று நொந்துபோனவர். 'நடுவில் எங்கும் நிறுத்தக்கூடாது' என்று மேலிடம் கொடுத்த காகிதத்தைச் சாமி படத்துக்குக் கீழே செருகி வைத்திருந்தார்.

வண்டி கிளம்பிய பிறகுதான் வேம்புலிக்கு விஷயம் தெரிந்தது.

"இன்னா அண்ணாத்தே, பருத்திப்பட்டுல நிக்காதா? பொண்ணு பாக்கப் போய்கினு கீறேன்."

"போர்டு பாத்து ஏற மாட்டியா மாமே? செரி, உக்காரு. திரும்பி வர்றப்ப நைசா நிறுத்தச் சொல்றேன்," என்றார் கலியமூர்த்தி.

பருத்திப்பட்டு நிறுத்தத்தில் பெண்வீட்டார் வரிசையாக நின்றார்கள். நடுவில் பொன்னம்மாள். நிறுத்தத்துக்கு எதிர்வீட்டு வாசலில் பச்சைப் புடவையில் பெண், நாகவல்லி. (அவள் வீடே அதுதான். இல்லாவிட்டால் பெண் பார்க்க வருகிறவனைப் பார்க்கப் பெண் வெளியே வருவாளா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன்.) வேம்புலி கையசைத்தான். அவர்களும் கையசைத்தார்கள். அப்புறம் புழுதி.

3.

ஆவடியில் வண்டி திரும்பியபோது செக்கிங் அதிகாரி ஏறிவிட்டார். ஏறி, வேம்புலியின் பக்கத்திலேயே உட்கார்ந்தார். கலியமூர்த்தி கையை விரித்தார்.

பருத்திப்பட்டு வந்தது. பழத்தையாவது சேர்ப்பித்துவிடலாம் என்று வேம்புலி சீப்பை ஜன்னல் வழியே வீசினான். பெண்ணின் மாமன் துலுக்கானம் அதை நெஞ்சில் வாங்கி, பின்னால் சாய்ந்து, ஆனாலும் நழுவவிடாமல் பிடித்துக்கொண்டார். "எம்புள்ள கொஞ்சம் கூச்ச சுபாவம்," என்று பொன்னம்மாள் விளக்கம் சொன்னதாகத் தகவல்.

பூந்தமல்லியில் அதிகாரி இறங்கிப் போனார். வேம்புலியும் இறங்கி ஒரு சாதா வண்டி பிடித்திருக்கலாம். ஏன் பிடிக்கவில்லை? இங்கேதான் நான் நான்கு நாள் மாட்டிக்கொண்டேன். சட்டை கசங்கும் என்று எழுதினேன். கூட்டம் என்று எழுதினேன். எல்லாம் பொய். அவனுக்குப் பயம். இதற்கு முன் இரண்டு இடத்தில், மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை என்று சொல்லி வேண்டாம் என்றுவிட்டார்கள். ஓடுகிற வண்டியில் யாரும் அவனை எதுவும் கேட்கப் போவதில்லை.

4.

மூன்றாவது முறை அய்யாசாமியிடம் நேராகவே கேட்டுப் பார்த்தார் கலியமூர்த்தி. "இருவது வருசம் நின்னாச்சு, போதும்," என்று அவர் கியரை மாற்றினார்.

நிறுத்தத்தில் எல்லோரும் நின்றார்கள். வாசலில் பச்சைப் புடவை மட்டும் இல்லை. வேம்புலி ஜன்னலிலிருந்து தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். இவளும் வேண்டாம் என்று உள்ளே போய்விட்டாள் என்று நினைத்தான்.

ஆவடியில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கினான். எதிரே பச்சைப் புடவை. சாதா வண்டி பிடித்து அவனுக்கு முன்னால் வந்து நின்றிருந்தாள்.

"எங்க ஊட்டுக்கு வர்றீங்களா, இல்ல இப்டியே சுத்திகினு இருக்கப் போறீங்களா?"

வேம்புலி தன் வாழ்க்கையிலேயே நீளமான பேச்சைப் பேசினான். "வரணும்னுதாங்க கிளம்பினேன். எறங்கிப் பேசணும்னு நெனச்சாலே பயமா கீது."

நாகவல்லி கொஞ்சம் யோசித்தாள். "என்னை நாலு பேரு வந்து பாத்துட்டுப் போனாங்க. ஒருத்தரும் திரும்பி வரல. நீங்க மூணு வாட்டி வந்துட்டீங்க."

அதே வண்டியில் இருவரும் ஏறினார்கள்.

5.

முடிவு ஒன்று: வண்டி பருத்திப்பட்டில் நின்றது, மாலை, மேளம், மற்றும்... (அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: துலுக்கானம் நடுரோட்டில் படுத்து வண்டியை மறித்தார். (பாவம், ஏற்கெனவே நெஞ்சில் அடி.)

கலியமூர்த்தி சொன்னது இது: பருத்திப்பட்டு நெருங்கியதும் பின்னால் கேட்ட சிரிப்பில் அய்யாசாமியே மனமிளகி பிரேக்கில் காலை வைத்தார். நாகவல்லி நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க போங்கண்ணே. இன்னும் பேசி முடியல."

வண்டி போயிற்று. ஒரே ஜன்னலில் இரண்டு முகங்களைப் பார்த்த நாகவல்லியின் அப்பா, பொன்னம்மாள் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். அவளும் ஏதோ பதில் சொன்னாள். வண்டிக்குள் இருந்த கலியமூர்த்திக்கு அது கேட்கவில்லை. ஆகவே எனக்கும் தெரியாது. நீங்கள் நிறுத்தத்தில் அவர்கள் பக்கத்தில் நிற்கிறீர்கள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்.