சத்தத்தையே காணோம்

அந்தப் பூனைக்காது ஹெட்போனை வாங்கிக் குடுத்ததே நான்தான். அதை முதல்லயே சொல்லிடுறேன், அப்புறம் திட்டுறவங்க திட்டுங்க.

என் வேலை வீடு வீடாப் போய் நெட் லைன் இழுத்து வைஃபை பெட்டி மாட்டுறது. அதனால எங்க குடும்பத்துல நான்தான் பெரிய மேதாவி. அக்கா பொண்ணுக்கு டேப் வாங்கின அன்னிக்கே உக்காந்து எல்லாத்துக்கும் பூட்டு போட்டேன். கண்ட வீடியோ வராது, ஒரு மணி நேரத்துல தானா அணைஞ்சிடும். "இனிமே ஒரு கொசு கூட உள்ள வராது"ன்னு அக்காகிட்ட பீத்திக்கிட்டேன்.

பொண்ணுக்கு ஏழு வயசு. முன்பல்லு ரெண்டும் விழுந்ததுலேர்ந்து அவ பேரே பொக்கைதான். அக்கா ஹால்லயே மெஷின் போட்டு ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறா. அது ஓடுச்சுன்னா வீட்டுக்குள்ள லாரி வந்த மாதிரி இருக்கும். "சித்தி, கேம்ல என் கிளாஸ் பிள்ளைங்க பேசுறது கேக்கவே மாட்டேங்குது"ன்னு பொக்கை மூஞ்சைத் தூக்கி வச்சுக்கிட்டா. நான் உருகிட்டேன். கேம்ல பேசுறதுக்கு இருந்த பூட்டைத் திறந்துவிட்டேன், ஹெட்போனும் வந்துச்சு. வீடே நிம்மதி.

நாங்க சின்னப் பிள்ளைங்களா இருந்தப்ப ஹெட்போனே கிடையாது. ஹால் மூலையில கம்ப்யூட்டர், அதுக்குப் பூப்போட்ட துணி உறை, ரெண்டு பக்கமும் கறுப்பு ஸ்பீக்கர். நானும் அக்காவும் ஒரே நாற்காலியில பாதிப் பாதி உக்காந்து கார் ரேஸ் ஓட்டுவோம். சமையல்கட்டுலேர்ந்தே அம்மாவுக்கு எல்லாம் தெரியும். "மறுபடியும் மோதிட்டியாடி? பெரியவகிட்ட குடு!" சத்தம் இருக்கிற வரைக்கும் எட்டிக்கூடப் பாக்க மாட்டாங்க. நின்னுச்சுன்னாத்தான் குரல் வரும். "என்ன, சத்தத்தையே காணோம்?"

போன சனிக்கிழமை மதியம் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா தலைநிமிராம தச்சுக்கிட்டு இருந்தா, சுத்தி ஆரஞ்சு துணி மலை. உள்ரூம்ல பொக்கை சுவரோட ஒட்டி உக்காந்து, டேப்பை மடியில வச்சு குசுகுசுன்னு பேசிட்டு இருக்கா.

"அம்மா தைக்கிறாங்க. அவங்களுக்கு ஒண்ணும் கேக்காது."

இதை எந்த ஏழு வயசுப் பிள்ளை இன்னொரு ஏழு வயசுகிட்ட சொல்லும்?

என்னைப் பாத்ததும் படக்குன்னு டேப்பை மூடிட்டா.

"யாருடி அது?"

"யாருமில்ல."

"யாருமில்லாதவங்ககிட்டயா பேசினே?"

"முயலக்கா. கேம்ல முயலா வருவா. பன்னெண்டு வயசு. நல்ல அக்கா. நீ போ சித்தி."

டேப்பைப் பிடுங்கத்தான் கை போச்சு. ஆனா பிடுங்கினா இவ வாயும் சேந்து மூடிக்கும், அது எனக்கு நல்லாத் தெரியும். ஒன்பது வயசுல நானும் ஒருத்திகிட்ட சாட்ல எழுதிக்கிட்டு இருந்தேன். அம்மாவுக்குக் கம்ப்யூட்டர்னா ஒண்ணும் புரியாது, வம்பு கேக்குறதுன்னா உயிரு. பீன்ஸையும் கத்தியையும் தூக்கிட்டு வந்து பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்துட்டாங்க. "யாரு அவ? என்ன சொல்றா, படி, நானும் கேக்குறேன்." நானும் ஜாலியாப் படிச்சுக்கிட்டே வந்தேன். ஒரு வரி வந்துச்சு. அதை வாய்விட்டுப் படிக்க முடியல. அம்மா பீன்ஸ் நறுக்குற சத்தம் நின்னுடுச்சு. நானே சுவிட்சை அணைச்சேன்.

"பொக்கை, நாம ரெண்டு பேரும் சேந்து விளையாடலாமா? பெரிய ஸ்பீக்கர்ல?"

"வேணாம்! சத்தமா வச்சா முயலக்கா போயிடுவா. அவளே சொல்லியிருக்கா." கண்ணு கலங்கிடுச்சு. "நீ டேப்பையும் எடுத்துடுவே."

"எடுக்க மாட்டேன். உன் முன்பல்லு மேல சத்தியம்."

"அதான் இல்லையே!"

"முளைக்கும்ல? அப்ப வந்து என்னைக் கடி."

சிரிப்பை அடக்கப் பாத்தா, முடியல. அந்த நேரம் ஹால்ல மெஷின் நின்னுச்சு.

"என்னடி ரெண்டு பேரும்? சத்தத்தையே காணோம்?"

அச்சு அசல் அம்மா குரல்.

அந்தப் பழைய ஸ்பீக்கர் ரெண்டும் இன்னும் அக்காகிட்டதான் இருக்கு, நூல்கண்டு அடுக்கிற மேடையா. கண்டையெல்லாம் கீழ தள்ளினேன். "அடியே, என் நூலு!"ன்னு கத்தினவகிட்ட காதோட காதா விஷயத்தைச் சொன்னேன். அவ கையிலிருந்த துணி நழுவி விழுந்துச்சு. பொக்கையே டேப்பைக் கொண்டுவந்தா. ஒயரைச் சொருகினேன். ஒரு ஸ்பீக்கர் கரகரன்னுச்சு, இன்னொண்ணு நல்லாவே பாடுச்சு.

கொஞ்ச நேரத்துல குரல் வந்துச்சு. வேணும்னே மெலிசாக்கின பெரியாள் குரல்.

"பொக்கை, என்ன எதிரொலிக்குது? ஹெட்போன் போடு. பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

பொக்கை எங்களைப் பாத்தா. அக்கா குனிஞ்சு, ரொம்ப நிதானமா, "இருக்கேன், அம்மாதான். சித்தியும் இருக்கா. சொல்லுங்க, என்ன வேணும்?"னா.

டொப். போயாச்சு. கேம் பாட்டு மட்டும் ஹால் பூரா ஓடிக்கிட்டு இருந்துச்சு.

"ஏம்மா ஓடிட்டா? அம்மா இருந்தா என்ன?"

பொக்கை அந்தக் கரகர ஸ்பீக்கரைப் பாத்துட்டு, அக்கா மடியில ஏறிக்கிட்டா.

"ஸ்கூல் பேரு கேட்டாம்மா. நான் சொல்லல. யூனிஃபார்ம் கலர் மட்டும் சொன்னேன். நீ தைக்கிறதுதானேம்மா?"

அக்கா அந்த ஆரஞ்சு மலையைப் பாத்தா. அப்புறம் என்னை.

"கொசு கூட வராதுன்னியேடி."

பேச்சுப் பூட்டைத் திரும்பப் போட்டேன். அந்த முயலக்கா கணக்கைப் படம் எடுத்து வச்சுக்கிட்டு கேம்காரங்களுக்கும் போலீசுக்கும் புகார் அனுப்பினோம். திங்கக்கிழமை அக்காவே பள்ளிக்கூடத்துக்குப் போய் டீச்சர்கிட்ட சொல்லிட்டு வந்தா. ஒரு வாரம் நானே பொக்கையைக் கொண்டுவிட்டு கூட்டிட்டு வந்தேன். ஸ்கூல் கேட் பக்கத்துல நிக்கிற ஒவ்வொரு ஆளையும் முறைச்சதுல கழுத்து சுளுக்கிடுச்சு.

டேப் அவகிட்டதான் இருக்கு, ஆனா ஹால்ல, ஸ்பீக்கரோட. ஹெட்போனை ஒயர் இல்லாம கிரீடம் மாதிரி மாட்டிட்டுத் திரியிறா. மெஷினும் கேமும் போட்டி போட்டுக் கத்துது. நேத்து நான் அங்க இருக்கிறப்ப கேம் சத்தம் திடீர்னு நின்னுச்சு. அக்கா கால் மெஷின்லேர்ந்து தானா எழும்பிடுச்சு. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கத்தினோம்.

"பொக்கை! என்ன, சத்தத்தையே காணோம்?"

"தண்ணி குடிக்கிறேம்ம்மா! தண்ணி கூடக் குடிக்க விட மாட்டீங்களா?"