இருபத்திரண்டு அடித் தெரு

அந்தத் தெருவில் ஒரு பையன் குத்துப்பட்டுச் செத்தால் மறுநாள் காலையில் தெரு அகலமாகியிருக்கும். எந்த வீடும் இடியாது, எந்த வாசற்படியும் பின்னால் போகாது, நடுவில் தார் மட்டும் கூடியிருக்கும். முதல் பையனுக்கு ஓரடி. நகராட்சி அளவையாளர் வந்து இரும்பு நாடாவை இழுத்துப் பார்த்து, பதிவேட்டில் இருபத்திரண்டை அடித்துவிட்டு இருபத்துமூன்று என்று எழுதினார். இரண்டாவது பையனுக்கு இரண்டடி, மூன்றாவதுக்கு நாலடி. மூன்றாம் தடவை அவர் நேரில்கூட வரவில்லை, போனிலேயே கேட்டு எழுதிக்கொண்டார். மனுஷனுக்கு எத்தனை வேலை, பாவம்! ஐந்தாவது பையன் போனபோது தெரு ஐம்பத்துமூன்று அடி. நடுவில் தடுப்புச்சுவர் கட்டி விளக்கும் போட்டார்கள்.

கிழக்கு வரிசையில் தையல்காரியின் கடையும் வீடும். நேர் எதிரே மேற்கு வரிசையில் அவளுடைய தங்கை, மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். ஆரம்பத்தில் எட்டு எட்டு வைத்தால் அக்கா வீட்டிலிருந்து தங்கை வீடு. நாலு மாத இடைவெளியில் இருவருக்கும் ஒவ்வொரு பையன் பிறந்தான். அக்கா மகன் ஒல்லி, தங்கை மகன் சுருட்டை. ஒருத்தனுக்குச் சோறு ஊட்டினால் இன்னொருத்தன் வாயைத் திறப்பான். அவர்களுக்குப் பதினாலு வயதானபோது யாரோ ஒருவனுடைய பைக் கண்ணாடி உடைந்தது. கிழக்குப் பையன்கள் மேற்கைச் சொன்னார்கள், மேற்கு கிழக்கைச் சொன்னது. உடைத்தது யார் என்று இன்றுவரை தெரியாது, ஆனால் அதற்காக ஐந்து பேர் மண்ணுக்குள் போய்விட்டார்கள். தையல்காரி வேண்டிக்கொண்டதெல்லாம் ஒன்றுதான்: இந்த இரண்டு பையன்களும் உயிரோடு இருக்க வேண்டும், கூப்பிட்டால் காது கேட்கிற தூரத்தில் தங்கச்சி இருக்க வேண்டும். ஐம்பத்துமூன்று அடிக்கு அந்தப்பக்கம் லாரி சத்தத்தில் ஒன்றுமே கேட்கவில்லை. எதிர்வீட்டுக்குப் போன் போட்டுப் பேசவேண்டிய பிழைப்பு.

பழைய இன்ஸ்பெக்டருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் வேன். விடிந்ததும் வருவார், கையில் அகப்பட்ட பையனையெல்லாம் அள்ளிப் போட்டுக்கொண்டு போவார், வீங்கின முகத்தோடு சாயங்காலம் திருப்பி அனுப்புவார். ஒவ்வொரு தடவையும் தெரு ஒரு சாண் விரிந்து, வாரக்கடைசியில்தான் பழையபடி சுருங்கும். அவருக்கு மாற்றலாகி, அந்த இடத்துக்கு ஒரு இன்ஸ்பெக்டரம்மா வந்தார். வந்த அன்றே தையல்காரியின் கடையில், பட்டன் டப்பாக்களுக்கு நடுவே முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "எனக்குக் குத்தினவன் பேரெல்லாம் வேணாம்மா. யாருக்கு யார் மேல கோவம்னு மட்டும் சொல்லுங்க. ஆனா முன்னாடியே சொல்லுங்க" என்றார்.

அப்படித்தான் கமிட்டி உண்டானது. டீக்கடைக்காரர், கால்பந்து மாஸ்டர், அக்காவும் தங்கையும், அப்புறம் பதினொண்ணு. கொலைக் கேசில் பதினோரு வருஷம் உள்ளே இருந்து வந்ததால் அவருக்கு அந்தப் பெயர். எவனாவது வெட்டுப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனால், கூட்டாளிகள் வந்து சேருவதற்குள் பதினொண்ணு கட்டிலருகே இருப்பார். பழிவாங்கப் போகிறவனைப் பிடித்து உட்காரவைத்து, சினிமா, சாப்பாடு, ஜெயில் மூட்டைப்பூச்சி என்று வாய் ஓயாமல் பேசுவார். நாலு மணி நேரம் அவர் பேச்சைக் கேட்டவனுக்குக் கத்தியைத் தூக்கத் தெம்பு ஏது? விலகி வந்த பையன்களுக்கு இன்ஸ்பெக்டரம்மா கடை கடையாக ஏறி இறங்கி வேலை வாங்கிக் கொடுத்தார். சும்மா சொல்லக்கூடாது, ரத்தம் சிந்தாத ஒவ்வொரு வாரத்துக்கும் தெரு நாலு விரல் சுருங்கியது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அதை அளந்தவள் தையல்காரி. ஒரு நுனியைத் தங்கை பிடிக்க, கழுத்தில் கிடக்கும் துணி நாடாவை மாற்றி மாற்றிப் போட்டு அளப்பாள். இரண்டு வரிசையும் நம்பியது அந்த நாடாவைத்தான். இருபத்திரண்டு வந்ததும், பையன்கள் குறுக்கே போகாதபடி இன்ஸ்பெக்டரம்மா நடுவில் நிறுத்தியிருந்த போலீஸ் காவலை எடுத்துவிடுவது, பையன்கள் இஷ்டம்போல் போகலாம் வரலாம் என்று பேச்சு. இரண்டு வருஷம் கழித்து ஒரு ஞாயிறு இருபத்திரண்டு வந்தது. அக்காவும் தங்கையும் நட்டநடுத் தெருவில் கட்டிப்பிடித்து அழுதார்கள். திங்களன்று காவல் போனது.

துணி நாடா இழுபடும். பத்து வருஷம் கழுத்தில் கிடந்தால் நன்றாகவே இழுபடும், அளவைக் குறைத்துக் காட்டும். இது தையல்காரிக்குத் தெரியாததா? ஆனால் அதே நாடாவால் ஆளை அளந்து அதே நாடாவால் துணியை வெட்டுகிறவளுக்கு ஒரு சட்டைகூடத் தப்பியதில்லை. அதனால் அந்த நினைப்பே வரவில்லை. அன்று தெருவின் நிஜ அகலம் இருபத்துமூன்றேகால் அடி. ஒன்றேகால் அடிப் பகை பாக்கி இருந்தது, அது எவன் நெஞ்சில் இருக்கிறது என்று யாரும் தேடவில்லை.

புதன்கிழமை மூன்று மணிக்குச் சுருட்டை தெருவில் இறங்கினான். பார்சல் ஆபீஸில் வேலை கிடைத்திருந்தது, சட்டைக்கு அளவு கொடுக்க வந்தான். "பெரியம்மா, வந்துட்டேன்" என்று பாதித் தெருவிலிருந்தே குரல் கொடுத்தான். பெரியம்மா நாடாவோடு வாசலுக்கு வருவதற்குள் கிழக்குப் பையன்கள் இரண்டு பேர் அவனைக் குத்திவிட்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். அவன் அவள் மடியில்தான் செத்தான். பதினொண்ணு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காத்திருந்தார், அங்கே யாரும் வரவில்லை.

அன்று சாயங்காலம் ஒல்லி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ஐந்தாவதாகச் செத்தவன் அவனோடு ஒரே பெஞ்சில் படித்தவன். "நான் குத்தலம்மா. மூணு மணிக்கு வருவான்னு மட்டும்தான் சொன்னேன்" என்றான். தையல்காரி அவனை அடிக்கவில்லை. கையைப் பிடித்து ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய், இன்ஸ்பெக்டரம்மாவின் முன்னால் நிறுத்தி, "அதை இவங்ககிட்டயும் சொல்லுடா" என்றாள். திரும்பி வரும் வழியெல்லாம் வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் காலையில் எதிர்வரிசை கண்ணுக்குத் தெரியவில்லை. அளவையாளர் இரும்பு நாடாவோடு மேற்கே நடந்து, மூன்றாம் நாள் கால் வீங்கித் திரும்பினார். பதிவேட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டார். அடுத்த வாரம் பஸ் விட்டார்கள், காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுகிற அளவுக்கு ஜனங்களுக்கும் பழகிவிட்டது.

தையல்காரி அடுத்த மாதம் சாயங்கால பஸ்ஸில் போனாள். தங்கை கதவைத் திறந்தாள். நாடாவைப் பற்றி, ஒல்லி சொன்னதைப் பற்றி, ஸ்டேஷனைப் பற்றி, எதையும் மறைக்காமல் அக்கா சொல்லி முடித்தாள். தங்கை, "என்னால முடியலக்கா. உன் மூஞ்சியப் பாக்கவே முடியல" என்றாள். என்றாலும் பாயைப் போட்டாள். விடிந்ததும் பஸ் நிறுத்தம்வரை கூடவே நடந்து வந்தாள். பஸ் வந்தது.

"அடுத்த தடவ காலை பஸ்ல வா. சாயங்கால பஸ் எல்லா ஸ்டாப்லயும் நிக்கும்" என்றாள் தங்கை.

அக்கா தலையாட்டிவிட்டு ஏறினாள். ஐந்து மணி நேரத்தில் வீடு வந்துவிட்டது.