லூஷியஸ் பெட்வே படுத்திருக்கும் இடம்

மிசிசிப்பி ஆற்றங்கரையில் எங்கள் ஊர்ப் பக்கம் போட்டிருக்கும் மூன்று மைல் மண்கரையில், ஒருமுறைகூட ஒழுகாத இடம் ஆறடி இரண்டங்குலம்தான். அது லூஷியஸ் பெட்வேயின் உயரம். பெருவெள்ளத்து ஏப்ரலில் மணல் மூட்டை தீர்ந்துபோனதும், கரை மேற்பார்வையாளர் கிராண்டல் துரை கறுப்பர்களான எங்கள் ஆண்களைக் கரை உச்சியில் வரிசையாகப் படுக்கச் சொன்னார். துப்பாக்கிக்காரர்கள் பின்னால் நின்றதால் யாரும் காரணம் கேட்கவில்லை. விடிந்து தண்ணீர் இறங்கியதும் எல்லோரும் சேற்றை உதறி எழுந்தார்கள். லூஷியஸ் எழவில்லை, சேறு அவன்மேல் மூடிக்கொண்டது. அன்று மத்தியானமே அதன்மேல் புதுமண் கொட்டி, கோவேறு கழுதைகளை நடக்கவிட்டுக் கெட்டிப்படுத்தினார்கள். லூஷியஸ் சொல்லாமல் கொள்ளாமல் சிகாகோவுக்கு ஓடிவிட்டதாகத் துரை எழுதிவைத்தார்.

அவன் மனைவி ஒடெல்லா வெள்ளைக்காரர் வீடுகளுக்குத் துணி வெளுத்துக் கொடுப்பவள். செத்தவர் கடைசியாகக் குடித்த கோப்பையைக் குழிமேல் உடைத்துவைப்பது எங்கள் வழக்கம். உடைத்தால்தான் செத்தவர் கிளம்புவார். ஒடெல்லா நீல விளிம்பு வைத்த அவனுடைய பீங்கான் கோப்பையைக் கரையில் முழுசாக வைத்துவிட்டு வந்தாள். கல்யாணத்துக்கு வந்த கோப்பை, உடைக்க மனசு வரவில்லை என்றார்கள். கஞ்சத்தனம் என்றும் சிலர் சொன்னார்கள். அந்தச் சிலரில் நானும் உண்டு. கரைக் காவல்காரன் அதை மூன்று தடவை ஆற்றில் எறிந்தான். மூன்று தடவையும் மறுநாள் காலையில் கழுவித் துடைத்தாற்போல் அதே இடத்தில் இருந்தது. காலையில் அவள் அதில் ஊற்றிவைத்த காப்பி மத்தியானத்துக்குள் பாதியாகும். அடுத்த வசந்தத்தில் கரை நெடுக நீர் கசிந்தபோது அந்த ஆறடி இரண்டங்குலம் மட்டும் காய்ந்து கிடந்தது. ஆறு ஒரு சாண் ஏறினால் அதுவும் ஒரு சாண் ஏறியது. ஊர் நிம்மதியாகத் தூங்கியது.

அவள் மட்டும் தூங்கவில்லை. புருஷனை இப்படிச் சேற்றில் மறித்துப் போட்டிருக்கிறோமே என்று கோப்பையை உடைக்கக் கிளம்பினாள். கரைமேல் அவள் அதைக் கையில் எடுத்தபோது தேவாலயமே திரண்டுபோய் மறித்தது. சபையின் உதவிக்காரர் ஏமஸ் முன்னால் நின்றார்.

"சிஸ்டர் ஒடெல்லா, உன் புருஷன் ஒருத்தனுக்காக முந்நூறு வீடு முங்கணுமா?"

"முந்நூறு வீட்டுக்காக அவர் ஒருத்தர் ஒரு வருஷமா படுத்திருக்கார், பிரதர். இன்னிக்கு ஒரு நாள் நீங்க படுங்க. அவர் எந்திரிச்சு முதுக நிமித்திக்கட்டும்."

நாங்கள் படுக்கவும் இல்லை, வழிவிடவும் இல்லை. அவளும் கோப்பையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

மறுவருடம் தண்ணீர் கரை உச்சிக்கே வந்தது. பட்டப்பகலில் கிராண்டல் துரை அவள் வீட்டு வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். 'ஏ பொண்ணு' என்பதைத் தவிர வேறு பெயர் சொல்லி அவளைக் கூப்பிட்டறியாத வாய், "மிசஸ் பெட்வே" என்றது. கோப்பையைத் தொட வேண்டாம் என்று கெஞ்சியது.

"என்கிட்ட என்னத்துக்குக் கேக்கறீங்க? படுத்திருக்கறவர்கிட்டப் போய்க் கேளுங்க."

கேட்டார். ஊரே பார்க்க, சேற்றில் முழங்கால் போட்டு, "மிஸ்டர் பெட்வே, தயவுசெஞ்சு எந்திரிச்சுடாதீங்க" என்றார். கரை நின்றது. தண்ணீர் வடிந்த மறுவாரம், புருஷன் கரைக்குள் இருக்கிறான் என்று ஒரு வரி எழுதித் தாருங்கள், முறைப்படி அடக்கம் செய்கிறேன் என்று ஒடெல்லா அவர் அலுவலகத்துக்குப் போனாள்.

அவர் தலையைத் தூக்கவில்லை. "அவன் சிகாகோல இருக்கான்னு அப்பவே சொன்னேனே, பொண்ணு."

அக்டோபரில், ஆறு வற்றி ஆழத்தில் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த கையோடு அவள் இஸ்திரிப் பெட்டியால் கோப்பையை உடைத்தாள். இந்தத் தடவை யாரும் மறிக்கவில்லை. ஆறு இறங்கியிருக்கும்போது எங்களுக்கும் நியாயம் தெரியும். சாயங்கால ரயிலில் வடக்கே போய்விட்டாள். திங்கட்கிழமை கரை ஆறடி இரண்டங்குலத்துக்குப் பிளந்தது. உள்ளிருந்து ஆள் உயரத் தண்ணீர் எழுந்து நின்று, முதுகை நிமிர்த்தி, சரிவில் இறங்கி, எங்கள் வாசல்களைத் திரும்பியும் பாராமல் கடந்து, தண்டவாளத்தைப் பிடித்து வடக்கே நடந்தது. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. கிறிஸ்துமஸுக்குச் சிகாகோவிலிருந்து ஒடெல்லாவின் கடிதம் வந்தது: அவர் வந்து சேர்ந்துவிட்டார், தரையெல்லாம் ஈரம், இருமல்தான் போகவில்லை. தபால்காரர் அதைப் பிரித்துப் படித்து ஊருக்கே சொல்லிவிட்டார். கிராண்டல் துரையோ கடிதத்தை வாங்கி, தாம் சொன்னது சரிதான் என்று கடை கடையாகக் காட்டிவந்தார்.

பிளவில் எந்த மண்ணைக் கொட்டினாலும் நிற்கவில்லை. மார்ச்சில் துரையின் ஆட்கள் பிளவின் நீளத்துக்கு ஆள் தேடி அளவுகோலோடு வந்து தேவாலய வாசலில் நின்றார்கள். என் வீட்டுக்காரர் ஐந்தடி ஆறங்குலம். அவர் குள்ளம் என்று இருபது வருடமாகக் குறை சொல்லிவந்த நான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். நெட்டையான எசேக்கியல் பூன் கூனிக்கொண்டே உள்ளே போனான். கூனிக்கொண்டே வெளியே வந்தவனை நிமிர்த்தி அளந்து, கரைக்குக் கூட்டிப்போனார்கள்.

அதன்பிறகு பிறந்த எங்கள் பையன்கள் ஐந்தடி பதினொன்றைத் தாண்டி வளர்வதில்லை. முழுக் கோப்பையும் இப்போது யார் வீட்டிலும் கிடையாது. கடையிலிருந்து வாங்கிவந்ததும் வாசலிலேயே தட்டிக் கீறல் விட்டுத்தான் உள்ளே எடுத்துப்போகிறோம். காப்பி கொஞ்சம் ஒழுகும். துடைத்துக்கொள்வோம்.